எட்டிப்பார்த்தல்

ஜனவரி 12

இல்லை அக்கா, எலிகள் கடிப்பதில்லை. முதல் வாரம் கடிக்கப் பார்த்தன. பிறகு பழகிவிட்டன. அல்லது நான் பழகிவிட்டேன்.

நான் நலம். நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா?

ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். தரைக்குக் கீழே ஓர் அறை. உயரத்தில் ஒரு சன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். சன்னல் பக்கம் ஒரு வரிசைக் கூண்டுகள், கதவுப் பக்கம் ஒரு வரிசை. உள்ளே வெள்ளைச் சுண்டெலிகள். மரத்தூள் வாசம் என் தலைமுடியில் ஏறிவிட்டது. எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன், திட்டாதே.

நாங்கள் சோதிப்பது வேலியில் படர்கிற ஒரு கொடியை. பயத்துக்கும் படபடப்புக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுப்பது. ஆய்வு அச்சாகும்வரை பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது என் ஆய்வு வழிகாட்டி மேடத்தின் கட்டளை. உனக்குக்கூட.

முதல் வாரம் மருந்தே கிடையாது. கூண்டுக்குள் கையை வைக்க வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க. அசைக்கக் கூடாது. அது வந்து முகரும், ஓடும், திரும்ப வரும். ஒருநாள் ஏறி உட்காரும். அதன் பிறகுதான் தூக்கலாம். "உன் கையைப் பாத்தே அது நடுங்குச்சுன்னா, மருந்தைப் பத்தி உனக்கு என்ன தெரியப் போகுது?" என்பார் மேடம்.

பிறகு பலகை. கூட்டல் குறி மாதிரி இருக்கும், இடுப்பு உயரத்தில். நான்கு கிளைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலியை நடுவில் விடுவோம். பயந்தது சுவருக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். பயம் குறைந்தது திறந்த பக்கம் வரும். இன்னும் குறைந்தால் விளிம்புக்குப் போய்த் தலையை நீட்டிக் கீழே பார்க்கும். அட்டவணையில் அதற்கென்று ஒரு பத்தி: எட்டிப்பார்த்தல். அந்தப் பத்தி நிறைந்தால் மருந்து நல்ல மருந்து.

தூள் இரண்டு ஜாடிகளில் இருக்கிறது. சன்னல் வரிசைக்குச் சிவப்பு மூடி, கதவு வரிசைக்கு நீல மூடி. ஒன்றில் கொடி. மற்றதில் அதே நிறம் ஏற்றிய சோள மாவு. எதில் எது என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தால் நான் ஆசைப்பட்டதையே பார்ப்பேனாம்.

மேனேஜர் எப்படி இருக்கிறார்? நாயாக லட்சணமாகக் குரைக்கிறாரா, இல்லை இன்னும் கட்டிலடியில்தானா?

பதில் போடு.

சுண்டு

*

ஜனவரி 30

என் அன்புச் சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இருமல் போய்விட்டது. உன் அத்தானுக்கு வேலை அதிகம், உடம்புக்கு ஒன்றுமில்லை. முடியை வெட்டியதற்கு நேரில் வா, திட்டுகிறேன்.

சின்ன உருவம் என்று அப்பா உன்னைச் சுண்டெலி என்று கூப்பிட்டார். "இவ கடைசியில எலி வளையிலதான் போய் நிப்பா" என்று கேலியும் செய்வார். வாக்குப் பலித்துவிட்டது பார்த்தாயா? வளை என்ன, நீ கூண்டு கூண்டாக வைத்திருக்கிறாய்.

மேனேஜரைப் பற்றிக் கேட்டாய். அப்பா அவருக்கு அந்தப் பெயர் வைத்தபோது எப்படிச் சிரித்தோம்! வேலை எதுவும் செய்யாமல் மற்றவர்கள் வேலை செய்வதைப் படுத்துக்கொண்டே மேற்பார்வை பார்க்கிற நாய். அந்தக் கம்பீரமெல்லாம் போய்விட்டது, சுண்டு. எங்கள் சமையலறைக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் இருக்கிறதல்லவா, அதைப் போட்டால் நடுங்குகிறார். அப்பாவின் கடைசி மாதம் கட்டிலருகே ஓடிய மூச்சு இயந்திரத்துக்கும் இதே உறுமல்தான். நீ கேட்டதில்லை. நீ வருவதற்குள் அதை எடுத்துப் போய்விட்டார்கள்.

இப்போது தொலைபேசி மணிக்கும் நடுங்குகிறார். ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோகாதே. கடிதமே எழுது, கடிதம் சத்தம் போடாமல் வருகிறது.

உன் அத்தான் பொறுத்துத்தான் பார்த்தார். நேற்று பொறுக்கவில்லை. "இது நாயா? காத்துல ஆடுற கதவு மாதிரி ராப்பகலா ஆடிக்கிட்டே இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள சரியாகலைன்னா, யாராவது தோட்டம் வெச்சிருக்கறவங்ககிட்ட கொடுத்துடுவேன்" என்றார். அப்பாவுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு ஜோடிச் செருப்பும் மேனேஜரும்தான். செருப்பு மூச்சு விடாது.

உன் கொடியில் கொஞ்சம் அனுப்ப முடியுமா? எலிக்குக் கேட்பது நாய்க்குக் கேட்காதா என்ன?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 10

அக்கா,

முடியாது என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருங்கள்.

இத்துடன் ஒரு பொட்டலம். பாலில் ஒரு சிட்டிகை, காலையும் மாலையும். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு ஜாடிகளிலும் இருப்பது எந்த எலிக்கும் கெடுதல் செய்யவில்லை. எந்த ஜாடியிலிருந்து எடுப்பது என்று நெடுநேரம் நின்றேன். மேடத்திடம் கேட்க முடியாது. என் கண்ணுக்குச் சிவப்பு மூடி எலிகள்தான் துணிச்சலாகத் தெரிகின்றன. பலகையில் விட்டதும் திறந்த பக்கம் வந்துவிடுகின்றன. ஆகவே சிவப்பு. கண் பொய் சொல்லாது என்று நம்புவோம்.

இதற்குப் பெயர் திருட்டு. மேனேஜருக்காகச் செய்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

அத்தானிடம் ஒரு மாதம் கூட அவகாசம் கேள். கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. சத்துமாவு என்று சொல்.

சுண்டு

*

மார்ச் 3

சுண்டுக் கண்ணே,

கைராசிக்காரி நீ!

எல்லோரும் நலம். எல்லோரும் என்று எழுதும்போது மேனேஜரையும் சேர்த்துத்தான்.

முதலில் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டில் வைத்தால் வேலைக்காகாது என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியால் ஊட்டினேன். ஒரு கரண்டிக்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா கதைகள்தான், வேறு எனக்கு என்ன தெரியும்? உன் அத்தான் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கு என்னைக்காவது இப்படி ஊட்டியிருக்கியா?" என்றார். "நீங்க என்னைக்காவது மோட்டார் சத்தத்துக்கு நடுங்கியிருக்கீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். இந்த வீட்டில் யாராவது சிரித்து நாளாகிவிட்டது.

போன வாரம் மோட்டார் ஓடும்போதே கட்டிலடியிலிருந்து வெளியே வந்தார். நேற்று வாசல்வரை போனார். இன்று கேட் வரை! கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டித் தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், "நீயும் வாயேன்" என்கிற மாதிரி. நான் போகவில்லை. நான் அந்தப் பக்கம் போய் நாளாகிறது. பால்காரர் உன் அத்தானிடம், "அம்மா ஊர்ல இல்லையா?" என்று கேட்டாராம்.

கொடுத்துவிடுகிற பேச்சே இப்போது இல்லை. நீ அவரைக் காப்பாற்றிவிட்டாய்.

உன் மேடம் திட்டினால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தைச் சன்னலடியில் நின்று படித்தேன். மேலே செருப்புகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாமே சந்தோஷமாகப் போவது போல் இருந்தது.

நலம்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்கிறார்கள்.

சிவப்பு எலிகள் எட்டிப்பார்க்கின்றன. பத்தி நிறைந்துகொண்டே வருகிறது. நீல எலிகள் சுமார்தான். எதில் எது என்ற குறிப்பு மேடத்தின் அலமாரியில், ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. ஜூனில் பிரிப்பார்கள். ஆனால் எனக்கு இப்போதே தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

ஏப்ரல் விடுமுறைக்கு வருகிறேன். என்னைக் கூட்டிப்போக அவரை கேட் வரை அனுப்பு.

அத்தானுக்கு என் விசாரிப்பு.

சுண்டு

*

ஏப்ரல் 21

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தானுக்கு?

விடுமுறைக்கு வர முடியவில்லை. இரண்டாம் சுற்று தொடங்கிவிட்டது, நடுவில் விட முடியாது. அப்பா விஷயத்திலும் இதையேதான் சொன்னேன் என்று நீ நினைப்பாய். நினைக்க மாட்டாய். நான்தான் நினைக்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் வீட்டில் அடிக்கவில்லை என்று தெரியும்.

ஒரு வரியாவது எழுது.

சுண்டு

*

மே 7

சுண்டு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நலமாக இருக்கிறோம். தாமதத்துக்குக் காரணம் என்று ஒன்றுமில்லை. பேனாவை எடுப்பேன், வைப்பேன்.

நீ வராததும் நல்லதுதான். சரியான வெயில். வீடும் போட்டது போட்டபடி கிடக்கிறது.

மேனேஜர் பரவாயில்லை. முன்பு மாதிரி குரைப்பதில்லை. சாப்பாடு குறைவு. தூள் வேளாவேளைக்குப் போகிறது. மோட்டார் போட்டால் மட்டும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். சத்தம் நின்றதும் வந்துவிடுகிறார். மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லை.

தூள் தீர்ந்துகொண்டிருக்கிறது. அதே சிவப்பு மூடிதான் வேண்டும். மாற்றிவிடாதே.

உன்னை நீ பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 19

அக்கா,

நான் நலம். நீ நலமா?

உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் எனக்கு நினைவிருக்கிறது. கதவின் உச்சியில் இருக்கும். நானே எக்கித்தான் போடுவேன்.

தூள் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு.

இங்கே மேடம் புதிதாக ஒரு வரிசை வைக்கச் சொல்லியிருக்கிறார். யாரும் கையால் தொடாத எலிகள். இடம் மாற்ற வேண்டுமென்றால் ஒரு குவளைக்குள் விட்டு ஏந்திப் போக வேண்டும். தண்ணீர், தீனி, மருந்து எல்லாம் உண்டு. கை மட்டும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கவாம். அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. குவளையைக் கண்டதும் மூலைக்கு மூலை ஓடுகின்றன.

வேறு என்ன எழுத? நீ கேட்டால் ஏதாவது எழுதுவேன். நானும் கேட்கவில்லை, இல்லையா?

சுண்டு

*

ஜூன் 16 (அனுப்பவில்லை)

அக்கா,

இன்று உறையைப் பிரித்தார்கள். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நீலம், கொடி. சிவப்பு, சோள மாவு.

தாளை மேசைமேல் வைத்தார். பிறகு மேடம் சொன்னார்: "பிரமாதம். உன் சோள மாவு நல்லா வேலை செய்யுது. கொடியைத் தூக்கிப் போட்டுட்டு மாவு மில் ஆரம்பிச்சிடலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு என்னை உட்கார வைத்தார்.

"காலையில எந்தப் பக்கத்துல ஆரம்பிப்ப?"

"சன்னல் பக்கம், மேடம்."

"ஒவ்வொண்ணையும் எவ்வளவு நேரம் கையில வெச்சிருப்ப?"

நேரம் பார்த்ததே இல்லை. அப்பா போன பிறகு அந்த அறைக்குள் வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் அதுதான். சன்னலடியில் நின்று, போகிற செருப்புகளைப் பார்த்துக்கொண்டு, ஒன்றைக் கையில் வைத்திருப்பேன். வைத்திருக்கிறேன் என்பதே தெரியாது. அது கட்டைவிரலுக்கு அடியில் தூங்கிப்போகும். கதவுப் பக்கம் வருவதற்குள் நேரமாகிவிடும். நீல எலிகளைத் தூக்குவேன், மருந்து கொடுப்பேன், வைத்துவிடுவேன்.

சிவப்பு எலிகளுக்குத் துணிச்சல் கொடுத்தது ஜாடி இல்லை. அரை வருட வேலை பாழ்.

இன்னொன்று. தொடாத வரிசையிலிருந்து ஒன்றைப் பலகையில் விட்டோம். அது சுவருக்குள் ஓடவில்லை. முகரவில்லை. சுற்றிப் பார்க்கவில்லை. நேராக விளிம்புக்குப் போனது, தலையை நீட்டியது, விழுந்தது. கீழே விரித்திருந்த துணியில்தான் விழுந்தது, அடியில்லை. எழுந்து ஓடக்கூட இல்லை. அட்டவணையில் வேறு பத்தி கிடையாது. எட்டிப்பார்த்தல், ஒன்று, என்று எழுதினேன்.

உன்னிடம் இருப்பது சோள மாவு, அக்கா. நீ அதை மாற்றிவிடாதே என்று எழுதியிருக்கிறாய்.

*

ஜூன் 17

அக்கா,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

முடிவு இன்னும் வரவில்லை. கணக்குகள் பாக்கி. இன்னொரு பொட்டலம் வைத்திருக்கிறேன், சிவப்புதான், மாற்றவில்லை. கொடுக்கும்போது முன்பு மாதிரி மடியில் வைத்துக் கதை சொல்லிக் கொடு. அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும் என்று இங்கே சொல்கிறார்கள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சுண்டு

*

ஜூலை 1

சுண்டும்மா,

உன்னிடமிருந்து பொட்டலம் வந்தது. அதைப் பிரிக்கவில்லை. இனி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நல்ல செய்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். மேனேஜருக்குப் பயம் சுத்தமாகப் போய்விட்டது. மனசு லேசாக இருக்கிறது, துவைத்துக் காய்ந்த துணி மாதிரி. நேற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து மாடிக்குப் போனார். பின்பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டி முடிக்கவில்லை அல்லவா, அங்கே போனார். விளிம்பு வரை. தலையை நீட்டிக் கீழே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கை கால் எதுவும் நடுங்கவில்லை. உன் அட்டவணையில் எழுதிக்கொள். உன் மருந்து நல்ல மருந்து.

அப்பாவின் செருப்பைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உனக்குத்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

உனக்குப் பெரிய பேர் வர வேண்டும். முடியை மறுபடி வளர்த்துக்கொள், உனக்கு அதுதான் அழகு.

அக்கா

*

ஜூலை 2

சுண்டுவுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா எழுதிய கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள். உறை ஒட்டியிருக்கவில்லை. படித்துவிட்டேன். தப்புதான். ஒட்டிப் போட்டிருக்கிறேன், உனக்கு இதற்கு முன் வந்திருக்கும்.

மேனேஜர் மார்ச் மாதமே செத்துப்போய்விட்டது. உனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட் திறந்திருந்தது. தெருவுக்குப் போனது, அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு. லாரி. நான்தான் எடுத்துவந்து புதைத்தேன். "பயந்த நாயா இருந்திருந்தா வீட்டை விட்டுப் போயிருக்குமா? நான் மருந்து கொடுத்துக் கொடுத்து அனுப்பி வெச்சுட்டேனே" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சுண்டுக்கு எழுதாதீங்க. அவ மருந்தாலதான்னு நெனச்சு ஒடஞ்சு போயிடுவா" என்றும் சொன்னாள். சரி, அக்கா தங்கை விஷயம், அவளே பக்குவமாக எழுதிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நீ அனுப்பிய தூளை அவள்தான் சாப்பிட்டிருக்கிறாள். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதும் அவள்தான். மாடிக்குப் போனதும் அவள்தான். நான் வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்தேன், அதனால் பார்த்தேன். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன். "சும்மா எட்டிப் பாத்தேங்க" என்றாள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறாள்.

நாயைக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னது நான்தான். வாயில் வந்தது, மனதில் இல்லை. அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் நான் வெளியே நின்று "வெளிய வா, வெளிய வா" என்று கத்துகிறேன். எனக்கு வேறு தெரியவில்லை.

பதில் எழுதாதே. வா.

*

ஜூலை 6, உன் குளியலறைக்கு வெளியே

அக்கா,

நான்தான். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பேசினால் உனக்குக் கேட்காது, கத்த எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன். அத்தானைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சிவப்பு மூடியில் இருந்தது சோள மாவு. முதல் பொட்டலத்திலிருந்து கடைசிப் பொட்டலம் வரை. எனக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. தெரிந்தும் ஒரு பொட்டலம் அனுப்பினேன். மேனேஜரை மருந்து தெருவுக்கு அனுப்பவில்லை, நீயும் அனுப்பவில்லை. அவர் மருந்தே சாப்பிடவில்லை. உன் மடியில் தலை வைத்து அப்பா கதை கேட்டார், நடுக்கம் நின்றது. கேட் திறந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அது உனக்கு ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஆறுதலாக இல்லை.

இரண்டாவது, எங்கள் அட்டவணை தப்பு. விளிம்புக்குப் போவதெல்லாம் பயம் போனதால் இல்லை. யாரும் தொடாத எலியும் போகிறது. இதை மேடத்திடம் சொன்னேன். "அப்ப அந்தப் பத்திக்கு என்ன பேர் வெக்கலாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உன் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை நாள் வேணும்?" என்றார். அதுவும் தெரியாது என்றேன்.

கிளம்புவதற்கு முன் தொடாத வரிசைக்குப் போனேன். ஒவ்வொரு கூண்டிலும் கையை வைத்துக் காத்திருந்தேன். மேடம் கதவருகே நின்று பார்த்தார். அவருடைய பரிசோதனையைத்தான் கெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தடுக்கவில்லை. சில வந்தன. சில வரவே இல்லை.

நீ அந்த உறுமலைத் தனியாக ஒரு மாதம் கேட்டாய். நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். மோசமான சத்தம்தான், அக்கா. என் முதுகில் கதவு அதிர்கிறது. உன் பக்கமும் அதிரும்.

நீ கதவைத் திறக்க வேண்டாம். மோட்டார் நின்ற பிறகும் திறக்க வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. நான் எங்கும் போகப் போவதில்லை.

சுண்டு

கடிதத்தை மடித்துக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினேன். தாள் ஈரத்தில் ஒட்டிப் பாதியில் நின்றது. பிறகு உள்ளிருந்து யாரோ இழுத்துக்கொண்டது போல் போனது. நான் தரையில் குப்புறப் படுத்து, கதவின் இடுக்கில் கையை வைத்தேன், உள்ளங்கை மேலே பார்க்க. அசைக்கவில்லை.